படத்தின் ஓரம் உண்மை பேசட்டும்

(சேலத்தில் ஒளிப்படக் கலைஞர்கள், ஆல்பம் வடிவமைப்பாளர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. டிஜிட்டல் கேமராவிலோ கைபேசியிலோ எடுத்த படத்தைச் சுற்றிப் பழைய பிலிமின் கறுப்பு ஓரத்தையும் துளைகளையும் எண்களையும் சேர்த்துத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி அமைத்துப் பயன்படுத்துவது என்பதே பொருள். ஆத்தூரிலிருந்து சங்ககிரி வரை, ராசிபுரத்திலிருந்து பரமத்தி வேலூர் வரை, கல்யாண ஆல்பத்திலும் காதணி விழா அழைப்பிதழிலும் சாலையோர பிளெக்ஸ் பேனரிலும் இந்த ஓரம் நம் கண்ணில் படுகிறது. அழகுக்காகச் சேர்க்கிறார்கள் என்று கடந்து போய்விடுகிறோம். நான் சொல்ல வருவது வேறு. பிலிமின் ஓரம், அந்தப் படம் எப்படிப் பிறந்தது என்பதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நாம் கையால் செய்து சேர்க்கும்போது, அதன் வடிவம் பிலிமின் இயல்புக்குப் பொருந்த வேண்டும். அதில் இருக்கும் எழுத்து உண்மையாக இருக்க வேண்டும். இவை இரண்டும் கைகூடாத இடத்தில் ஓரமே தேவையில்லை.

முதலில், ஓரத்தைச் சாட்சி என்று ஏன் சொல்கிறேன்? 35 மி.மீ. பிலிமின் இரு பக்கமும் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் கேமரா பதிப்பதில்லை. பிலிம் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன்பே அவை ஒளியால் எழுதப்பட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, படத்தைக் கழுவும்போது படத்தோடு சேர்ந்து வெளிப்படுகின்றன. தயாரித்த நிறுவனம் எது, பிலிம் வகை எது, எத்தனையாவது படம் என்பதெல்லாம் படம் எடுத்தவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கே இருக்கும். கோடாக் நிறுவனம் 1916 முதல் தன் சினிமா பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகளை இட்டு, அது எந்த ஆண்டில் தயாரானது என்பதைப் பதிவு செய்தது. அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பெயரும் தேதியும் இல்லாத ஒரு படச்சுருள் கைக்கு வந்தால், ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்கள் காலத்தைக் கணிக்க முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமா, பாதுகாப்பான பிலிமா என்று அறியவும் அந்த ஓர எழுத்துதான் முதல் துணை. ஹாசல்பிளாட் கேமராவில் எடுத்த நெகட்டிவின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு முக்கோண வெட்டுகள் விழுந்திருக்கும். அதைப் பார்த்தே கேமராவைச் சொல்லிவிடலாம். 1972இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 படத்தின் கீழ்ப்பக்க வெள்ளை ஓரம் மற்ற மூன்று பக்கங்களையும் விட அகலமாக இருக்கும். படத்தை வெளிப்படுத்தும் ரசாயனப் பை அந்த இடத்தில்தான் இருந்தது. இவற்றில் எதையும் ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து அலங்காரமாக வரையவில்லை. பொருளின் தேவையிலிருந்தும் எந்திரத்தின் இயக்கத்திலிருந்தும் பிறந்தவை இவை.

இதை நம் ஊர் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். 1935இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வெளிவந்தது. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. எஞ்சியிருப்பவை சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமும் போன்றவையே. சினிமா நிழற்படம் என்பது வழக்கமாகப் படப்பிடிப்புத் தளத்தில் தனி ஆள் தனி கேமராவில் எடுப்பது. ஓடும் படச்சுருளிலிருந்து வெட்டியது அல்ல. அப்படிப்பட்ட ஒரு நிழற்படத்தைச் சுற்றி, விழா மலருக்காகவோ பேனருக்காகவோ, துளையிட்ட பிலிம் ஓரத்தை வைத்தால் என்ன ஆகிறது? ‘இது தொலைந்துபோன படத்தின் ஒரு துண்டு’ என்று அந்த ஓரம் சொல்கிறது. வடிவமைத்தவர் அப்படிச் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் படம் அப்படித்தான் பேசுகிறது. தொலைந்த படத்தைத் தேடுகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய திசைதிருப்பல் வேண்டியதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதன் வண்ணம் கேவாகலர். பெல்ஜியத்தின் கேவர்ட் நிறுவனத்தோடு தொடர்புடைய முறை. இன்று பிலிம் ஓர டெம்ப்ளேட்டுகளில் பரவலாகக் காணப்படும் கோடாக் போர்ட்ரா என்ற பெயரோ 1998இல் சந்தைக்கு வந்தது. அந்தப் பெயரை 1956ஆம் ஆண்டுப் படத்தின் ஓரத்தில் எழுதினால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு புரண்டுவிடும். ஊட்டியில் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டோ பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. தமிழ்நாட்டு மண்ணிலேயே செய்த பிலிம் அது. நம் பழைய படங்களுக்கு ஓரம் செய்யும்போது அந்தப் பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பது வருந்தத்தக்கது.

இனி, வடிவம் பற்றிப் பேசுவோம். மென்பொருளில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, நாம் காட்டப்போவது எந்தப் பொருளின் ஓரம் என்பது. கறுப்பு வெள்ளை நெகட்டிவின் ஓரம் ஏறத்தாழ நிறமற்றது. ஒளி அதன் வழியே தாராளமாகப் போகும். துளை வழியாக இன்னும் தாராளமாகப் போகும். ஆகவே அந்த நெகட்டிவை ஓரத்தோடு சேர்த்துத் தாளில் அச்சிட்டால், ஓரம் கறுப்பாகவும் துளைகள் அதைவிட ஆழ்ந்த கறுப்பாகவும் வரும். ஓர எழுத்து நெகட்டிவில் கறுப்பாக இருப்பதால் அச்சில் வெள்ளையாகத் தெரியும். கடையில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் பலவற்றில் இருப்பதோ கறுப்புப் பட்டை, அதில் பளிச்சென்ற வெள்ளைத் துளைகள், நடுவில் கறுப்பு வெள்ளைப் படம். நெகட்டிவிலிருந்து எடுத்த அச்சில் இந்தச் சேர்க்கை வராது. விளக்குப் பலகை மேல் வைத்த ஸ்லைடு பிலிமில்தான் ஓரம் கறுப்பாகவும் துளை வெளிச்சமாகவும் இருக்கும். ஆகவே விதி எளியது. ஸ்லைடு போலக் காட்டுவதென்றால் படம் வண்ணத்தில் இருக்கட்டும், துளை வெள்ளையாக இருக்கட்டும். இருட்டறை அச்சு போலக் காட்டுவதென்றால் துளைகளைக் கிட்டத்தட்ட மறைத்துவிடுங்கள். ஓரத்திலும் படத்தில் இருக்கும் அதே மணித்துகள் (கிரெயின்) தன்மையைச் சேருங்கள். படத்தில் மட்டும் மணித்துகள் இருந்து ஓரம் மொழுமொழுவென்று இருந்தால், இரண்டும் ஒரே பிலிம் இல்லை என்று பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அளவிலும் இதே கவனம் வேண்டும். 35 மி.மீ. ஸ்டில் பிலிமில் படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ. மேலும் கீழும் தலா 5.5 மி.மீ. மிச்சம். அதில் வெளி விளிம்பிலிருந்து 2 மி.மீ. விட்டு, 2.8 மி.மீ. உயரமும் ஏறக்குறைய 2 மி.மீ. அகலமும் கொண்ட துளை. துளைக்குத் துளை 4.75 மி.மீ. தூரம்; ஒரு படத்துக்கு எட்டுத் துளைகள். இதைப் பிக்சலுக்கு மாற்றுவது கடினமில்லை. படத்தின் அகலம் 3600 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 100 பிக்சல். பட்டையின் மொத்த உயரம் 3500; துளை இடைவெளி 475; துளை 280 உயரம், 198 அகலம். எழுத்து வர வேண்டியது துளைக்கு வெளியே இருக்கும் அந்த 200 பிக்சல் இடத்துக்குள்தான். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு ஒரு லேயராகச் சேமித்துவிட்டால் ஆயுளுக்கும் போதும். சினிமா பிலிம் வேறு வகை. அங்கே சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு படத்துக்கு நான்கு துளைகள். துளைகள் படத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வரும். மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிய வடிவமைப்பில் மேலும் கீழும் துளை வைப்பவர்கள், ஸ்டில் கேமராவின் பிலிமைச் சினிமா என்று காட்டுகிறார்கள்.

அளவைத் தவறவிட்டால் மனிதர்களையே இழக்க நேரும். கைபேசி எடுக்கும் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம். 35 மி.மீ. பிலிம் 3க்கு 2. கிம்ப் மென்பொருளில் அலங்காரப் பகுதியில் இருக்கும் ‘ஸ்லைடு’ என்ற வசதி, படத்தை 3க்கு 2 விகிதத்துக்கு வெட்டிய பிறகே ஓரத்தைச் சேர்க்கிறது. 4000க்கு 3000 பிக்சல் உள்ள குடும்பப் படம் அதில் நுழைந்தால் 2667 பிக்சல் உயரமே மிஞ்சும்; ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். பந்தலில் நின்று எடுத்த கல்யாணக் கூட்டுப் படத்தில் அந்த ஒரு பங்கு என்பது முன்வரிசையில் தரையில் உட்கார்ந்த குழந்தைகளாக இருக்கலாம், பெரியவர்களின் பாதங்களாக இருக்கலாம். அலங்காரத்துக்காக ஆளை வெட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. வழி இருக்கிறது. 120 பிலிமில் எடுக்கும் 6க்கு 4.5 செ.மீ. படம் ஏறக்குறைய 4க்கு 3 விகிதம்தான். அந்த பிலிமில் துளையே கிடையாது. கைபேசிப் படத்துக்கு அந்த ஓரம் பொருந்தும். சதுரப் படத்துக்கு 6க்கு 6 ஓரம். விகிதத்துக்கு ஏற்ற பிலிமைத் தேர்ந்தெடுங்கள். பிலிமுக்காகப் படத்தை வெட்டாதீர்கள்.

தொகுதியாக நூறு படங்களுக்கு ஓரம் இடும்போது இன்னொரு பிழை வருகிறது. கிம்ப்பின் அந்த வசதியில் எழுத்தையும் எண்ணையும் நாமே தர முடியும். தராவிட்டால் எல்லாப் படத்திலும் 32 என்ற ஒரே எண் நிற்கும். ஆல்பம் முழுவதும் 32ஆவது படமாகவே இருப்பது எந்த பிலிமிலும் நடக்காது. இங்கே எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. கேமராவின் உள்ளே படத்தின் எல்லையை வரையறுக்கும் சட்டத்தின் ஓரம் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒருவிதமாக இருக்கும். ஆனால் ஒரே கேமராவில் எடுத்த எல்லாப் படத்திலும் அது ஒன்றுதான். தூசியும் கீறலும் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். எண் வரிசையாக ஏறும். சில்வர் எஃபெக்ஸ் போன்ற மென்பொருளில் ஓரத்தின் அளவையும் கரடுமுரடையும் கூட்டிக் குறைக்கவும், ஒரு பொத்தானால் அதன் வடிவை மாற்றவும் முடியும். ஒரே நிகழ்ச்சியின் படங்களுக்கு அந்தப் பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்துவது தவறு. சட்டத்தின் வடிவை ஒன்றாக நிறுத்தி, எண்ணையும் தூசியையும் மட்டும் மாற்றுங்கள்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் இதுதான். பிலிமின் ஓரத்தில் இருந்த எழுத்து உண்மையான தகவல். அப்படியானால் டிஜிட்டல் படத்தின் ஓரத்திலும் உண்மையான தகவலையே எழுதுவோம். டிஜிட்டல் படத்துக்கென்று ஓரம் ஏற்கெனவே இருக்கிறது. 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்ற முறைப்படி, எடுத்த தேதி, நேரம், கேமரா, லென்ஸ், ஒளி அளவு எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. ஆனால் வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் இவை உதிர்ந்துவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால்தான் தங்கும். நம் ஊரில் படங்கள் பயணம் செய்வது பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான். ஆக, உதிர்ந்துபோகிற அந்தத் தகவலைக் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தில் எழுதிவைப்பது உண்மையான பயன். வெளிநாட்டு பிலிமின் பெயர் இருக்கும் இடத்தில் ஊர், நாள், எடுத்தவர் பெயர், ‘டிஜிட்டல்’ என்ற சொல். எண் இருக்கும் இடத்தில் கோப்பின் எண். தமிழ் எழுத்துருவிலேயே எழுதலாம். அப்போது ஓரம் மறுபடி சாட்சியாகிறது.

பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது இந்த அக்கறை இரட்டிப்பாக வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய ஸ்டுடியோ படங்களில் பிலிமின் துளை தெரியாது. ஸ்டுடியோக்காரர் பெரிய கேமராவில் எடுத்து, டச்சிங் செய்து, தாளில் அச்சிட்டார். அந்தப் படத்தின் ஓரம் என்பது தாளின் வெள்ளை எல்லை, சில காலம் அலை அலையாக வெட்டிய விளிம்பு, படத்தை ஒட்டிய கெட்டி அட்டை, அதில் பதித்த ஸ்டுடியோவின் பெயரும் ஊரும். எந்த ஊரில், யார் கையில் அந்தப் படம் உருவானது என்பதற்குப் பல சமயம் அந்த அட்டை ஒன்றே ஆதாரம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது. அத்தகைய பணியில் அட்டையும் முத்திரையும் பின்பக்க எழுத்தும் படத்தைப் போலவே முக்கியம். நாமோ ஸ்கேன் செய்ததும் முதலில் செய்வது, அட்டையை வெட்டி எறிந்துவிட்டு அங்கே துளைபோட்ட பிலிம் ஓரத்தை ஒட்டுவது. உண்மையான ஓரம் கையில் இருக்கும்போது பொய்யான ஓரம் எதற்கு? அந்த அட்டையோடு முழுதாக ஸ்கேன் செய்து மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். ஓரம் சேர்ப்பதென்றால் தனி லேயரில், தனிப் பிரதியில் மட்டும் சேருங்கள்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது, ‘இது வெறும் அலங்காரம், இதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள்’ என்பது. அழைப்பிதழில் மணமக்கள் படத்தைச் சுற்றி இருக்கும் ஓரத்தைப் பார்த்து இன்று யாரும் ஏமாற மாட்டார்கள் என்பது சரி. ஆனால் படம் அழைப்பிதழைவிட நீண்ட ஆயுள் கொண்டது. அதைச் சுற்றியிருந்த விளக்கம் போன பின்னும் படம் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை அதை எடுத்துப் பார்க்கும்போது, பிலிம் காலம் எது, டிஜிட்டல் காலம் எது என்று பிரித்தறிய அவருக்கு உதவ நாம் யாரும் இருக்க மாட்டோம். சேலைக் கரையும் இப்படித்தான். இளம்பிள்ளை ஊர்த் தறியில் உடலோடு சேர்த்து நெய்த கரை அந்தச் சேலையின் தரத்தைச் சொல்லும். பிறகு ஒட்டுப்போட்ட கரை, ஒட்டுப்போட்டது என்று தெரியும்படி இருந்தால் குற்றமில்லை, நெய்தது போலக் காட்டி விற்றால்தான் குற்றம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ‘அளவும் நிறமும் சரியாக இருந்தால் பொய் இன்னும் நம்பும்படி ஆகுமே? தப்பும் தவறுமாக இருக்கும் ஓரமே நேர்மையானது இல்லையா?’ என்று கேட்கலாம். வடிவத்தின் துல்லியம் மட்டும் தனியே நின்றால் இந்த ஆபத்து உண்டு; அதை மறுக்கவில்லை. அதனால்தான் எழுத்தையும் சேர்த்து வலியுறுத்துகிறேன். ஓரத்திலேயே ‘டிஜிட்டல்’ என்ற சொல்லும் நாளும் இருந்தால், துல்லியமான வடிவம் பிலிமுக்குச் செய்யும் மரியாதையாக நிற்கிறது, ஏமாற்றுவதற்கு இடமில்லை. தப்பான வடிவமோ யாரையும் எச்சரிப்பதில்லை. பிலிம் எப்படி இருந்தது என்பது தெரியாதவருக்கு அது தப்பு என்றே தெரியாது. அவர் அதையே பிலிம் என்று கற்றுக்கொள்வார்.

மூன்றாவதாக, பிலிம் காலத்துக் கலைஞர்களும் ஓரத்தை வைத்து விளையாடியவர்கள்தானே என்பார்கள். என்லார்ஜரில் நெகட்டிவைப் பிடிக்கும் சட்டத்தின் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கி, படத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு வரும்படி அச்சிடுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அதன் பொருள், ‘நான் படத்தை வெட்டவில்லை, கேமராவில் கண்டது முழுவதும் இதுதான்’ என்பது. அங்கே சட்டத்தை ராவினார்களே தவிர, தெரிந்த ஓரம் அந்த நெகட்டிவின் சொந்த ஓரம். வெட்டாமல் அச்சிடுவதை வற்புறுத்திய ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் தண்ணீரைத் தாண்டும் மனிதரை எடுத்த புகழ்பெற்ற படம் வெட்டி அச்சிடப்பட்டதுதான். வெட்டுவது பிழை அல்ல. வெட்டிய படத்தைச் சுற்றி ‘வெட்டவில்லை’ என்று சொல்லும் ஓரத்தை வைப்பதுதான் பிழை. மென்பொருள் இந்தப் பிழையை ஒரே சொடுக்கில் செய்ய வைக்கிறது. ஆகவே கவனம் நம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, தொழில் பற்றிய மறுப்பு. ‘வாடிக்கையாளர் கேட்கிறார், முகூர்த்த நாட்களில் வேலை குவிகிறது, இத்தனை நுணுக்கத்துக்கு நேரம் எங்கே?’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் நான் சொன்னவற்றில் பெரும்பகுதி ஒருமுறை செய்தால் போதுமானது. நான்கு டெம்ப்ளேட்டுகள் தயார் செய்துகொள்ளுங்கள்: 3க்கு 2 படத்துக்கு ஸ்லைடு ஓரம், 4க்கு 3 படத்துக்கு 120 பிலிம் ஓரம், சினிமா சார்ந்த வேலைக்கு நான்கு துளை ஓரம், குடும்பப் படத்துக்கு வெள்ளைத் தாள் ஓரம். எழுத்துக்கு ஒரு லேயரைக் காலியாக விட்டு, நாளையும் ஊரையும் நிரப்புங்கள். லேப்பில் அச்சிட்டதும் விளிம்பைச் சில மில்லிமீட்டர் வெட்டுவார்கள் என்பதால் அதற்கும் இடம் விடுங்கள். அயல் நிறுவனத்தின் வணிகப் பெயரைக் காசு வாங்கிச் செய்யும் வேலையில் இடாமல் இருப்பது சட்டப்படியும் பாதுகாப்பு.

ஒரு படம் உண்மையில் எடுக்கப்பட்டதா, எந்திரம் கற்பனை செய்ததா என்று உலகமே கேட்கத் தொடங்கிவிட்ட காலம் இது. படத்தின் பிறப்பையும் அதில் செய்த மாற்றங்களையும் கோப்புக்குள் முத்திரையிட்டு வைக்க, பெரிய நிறுவனங்கள் 2021இல் சி2பிஏ என்ற கூட்டமைப்பை அமைத்தன. 2023இல் லைக்கா எம்11-பி என்ற கேமரா, படம் எடுக்கும் கணத்திலேயே அந்த முத்திரையை இடும் வசதியோடு வந்தது. பிலிமின் ஓரம் செலவில்லாமல் செய்துவந்த வேலையை, இன்று இத்தனை முயற்சியோடு மறுபடி உண்டாக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கேமரா நம் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று எடுக்கப்படும் கல்யாணப் படமும் திருவிழாப் படமும் வயற்காட்டுப் படமும்தான் நாளை இந்த ஊர்களின் வரலாறு. அவற்றின் ஓரத்தில் ஊரையும் நாளையும் எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். எழுத விருப்பமில்லையென்றால் ஓரமில்லாமல் கொடுங்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தொழிலின் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்.